பத்தரை மணி விருந்து

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், கோயம்புத்தூர் ஜில்லாவின் எல்லையைத் தொட்டுக்கொண்டு, சித்தூர் தாலுகாவைச் சேர்ந்த வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி முதலிய பஞ்சாயத்துகள் இருக்கின்றன. தமிழ்நாடு - கேரள ராஜ்ய எல்லை இந்த ஊர்களின் ஓரமாகப் போகிறதே ஒழிய, உறவுகளைப் பிரித்துக்கொண்டு போகவில்லை. பெண் கொடுத்த வீடு எல்லையில் உள்ள வேலந்தாவளத்துக்கு அப்பாலும், பெண் எடுத்த வீடு இப்பாலுமாக, மாமன், மச்சான், பங்காளி, சம்பந்தி என்று இருபுறமும் விரவிக் கிடக்கிற தமிழ்க் குடும்பங்களே இங்கு மிகுதி. ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நோம்பி நாட்களிலும் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து காலையில் புறப்பட்ட உறவினர்கள் பத்து, பத்தரை மணிக்கு வாசலில் வந்து இறங்குவதும், "வாங்க மாமா, வாங்கக்கா, வெயிலுக்கு முன்னாலயே வந்துட்டீங்க, ரொம்ப நல்லதுங்க" என்று வீட்டார் எதிர்கொண்டு அழைப்பதும் இந்தப் பிரதேசத்தில் சர்வ சாதாரணமான காட்சி.

சமையற்கட்டின் சங்கடம் அந்தப் பத்தரை மணியில்தான் ஆரம்பமாகிறது. பலகாரத்துக்கு நேரம் கடந்துவிட்டது. சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் வரவில்லை. இட்லியும் வடையும் மட்டும் வைத்து உபசரித்தால், ஒரு மணிக்கு மறுபடியும் இலை போட்டாக வேண்டும். சோறும் குழம்பும்தான் என்று தீர்மானித்தால், விடியற்காலையில் வெறும் காபியைக் குடித்துவிட்டுப் பிரயாணம் செய்து வந்தவர்களை மத்தியானம் வரையில் காக்க வைக்க வேண்டும். இதற்கு நம் வீடுகளில் வழக்கமாகக் கண்டுபிடிக்கிற பரிகாரம், இரண்டையும் செய்துவிடுவது. அதன் பயனாக வீட்டு அம்மாள் அதிகாலை நாலு மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரையில் அடுப்பை விட்டு நகர முடியாமல் நிற்க, வந்தவர்களோ வயிறு நிறைய உண்டும், யாரைப் பார்த்துப் பேச வந்தார்களோ அவரோடு நாலு வார்த்தை பேசாமலே வண்டியேறிப் போகிறார்கள். காலைப் பலகாரமும் மத்தியானச் சாப்பாடும் ஆகிய இரண்டின் ஸ்தானத்தையும் வகிக்கத்தக்க ஒரே ஒரு விருந்தைப் பத்தரை மணிக்கென்று திட்டமிட்டுச் செய்வதே இந்தச் சங்கடத்துக்கு நேரான நிவாரணம் என்பதும், அதற்கு வேண்டிய பதார்த்தங்கள் யாவும் இந்த மண்ணிலேயே இருக்கின்றன என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

மேனாட்டில் இத்தகைய விருந்தை 'பிரன்ச்' என்கிறார்கள். 1895-ஆம் ஆண்டில் கை பெரிங்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் 'ஹன்டர்ஸ் வீக்லி' என்ற பத்திரிகையில் இதைச் சிலாகித்து ஒரு கட்டுரை எழுதினார். சனிக்கிழமை இரவு நெடுநேரம் விழித்திருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக எழுந்து, சிநேகிதர்களோடு கூடிப் பேசிக்கொண்டே இலேசான உணவில் ஆரம்பித்துக் கனமான உணவில் முடிப்பது மனத்துக்கு உற்சாகம் தரும் என்பது அவர் கட்சி. தென் சீனத்தில் கான்டன் நகரத்தாரும் முற்பகலில் தேநீர்க் கடைகளில் குடும்பத்தோடு அமர்ந்து, மூங்கில் கூடைகளில் ஆவியில் வெந்து வருகிற சிறு சிறு பண்டங்களை உண்டபடி நெடுநேரம் பேசியிருப்பதை ஒரு சம்பிரதாயமாகவே வைத்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கும் இந்த வேளை புதிதன்று. பொழுது விடியுமுன் எழுந்து, நீராகாரத்தையோ காபியையோ குடித்துவிட்டு, வயலுக்குத் தண்ணீர் கட்டி, மாடு கறந்து, பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருகிற குடியானவர் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடுகிற வேளை பத்து மணியை ஒட்டியதுதான். பாலக்காட்டு அக்ரகாரங்களிலும் பூஜை முடிந்து பத்து, பதினொரு மணிக்குள் பிரதான போஜனத்தை முடித்துக்கொண்டு, பிற்பகல் மூன்று மணிக்குப் பலகாரம் செய்வதே பழைய வழக்கம். மேனாட்டார் தாமதமாக எழுந்ததனால் வந்து சேர்ந்த வேளைக்கு, நம் முன்னோர் சீக்கிரமாக எழுந்ததனால் வந்து சேர்ந்தார்கள்.

இனி, இந்தப் பிரதேசத்தின் சமையலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பாலக்காட்டின் பிற பாகங்கள் சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவில் அடங்கியிருந்தபோது, சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்துக்கு உரியதாக இருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கேரள ராஜ்யம் உருவாகி, 1957 ஜனவரி முதல் தேதி பாலக்காடு ஜில்லா அமைந்த பிறகே இவை ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. மலைத்தொடர் இடைவெளி விட்ட இந்தக் கிழக்குப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தின் மற்ற இடங்களைப்போலக் கொட்டுவதில்லை. ஆதலால் பனையும், நிலக்கடலையும், பயறு வகைகளும் இங்கே நன்றாக வருகின்றன. 1970-இல் இரு ராஜ்யங்களும் கையெழுத்திட்ட பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப் பகுதிக்கு உரியது. அந்தத் தண்ணீர் பாய்கிற இடங்களில் தென்னையும் காய்கறியும் செழிக்கின்றன. இப்படிப்பட்ட நிலத்தில் கொங்கு நாட்டுக் குடியானவர்களின் சந்தகையும் கொள்ளும், பாலக்காட்டு அக்ரகாரத்தின் சேவையும் மோர்க்குழம்பும், மலையாளக் குடும்பங்களின் புட்டும் நேந்திரம்பழமும் ஒரே தெருவில் மணப்பது இயற்கையே. வேறு ஊர்களில் புஸ்தகம் பார்த்துத் தேட வேண்டிய பலதரப்பட்ட ருசி, வடகரப்பதிக்காரருக்கு அடுத்த வீட்டுச் சமையற்கட்டிலேயே கிடைக்கிறது.

விருந்துக்கு என்னென்ன செய்வது என்று யோசிக்கும்போது நாம் சாதாரணமாகக் கேட்டுக்கொள்கிற கேள்வி, எது ருசியாக இருக்கும் என்பது. அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வந்தவர்கள் இலையில் உட்கார்ந்த பிறகு அடுப்பருகே யார் நிற்பது? இந்தக் கேள்வியைக் கொண்டு பார்த்தால் நம்முடைய பதார்த்தங்கள் யாவும் மூன்று வகையில் அடங்கிவிடுகின்றன. தோசை, பூரி, ஆப்பம், அடை போன்றவை சுடச்சுட இலைக்கு வந்தால்தான் ருசிக்கும். ஆகவே கடைசி விருந்தாளி கை கழுவுகிற வரையில் ஒருவரை அடுப்பருகே நிறுத்திவிடும். சந்தகை, புளியோதரை, சுண்டல் போன்றவை செய்து வைத்து இரண்டு மணி நேரம் ஆனாலும் குணம் மாறாமல் காத்திருக்கும். புளியிஞ்சி, ஊறுகாய், பருப்புப் பொடி போன்றவை காத்திருக்கக் காத்திருக்க ருசி ஏறும். நாலு பேருக்குமேல் வருகிற விருந்தில் முதல் வகையை அறவே விலக்கி, இரண்டாம் வகையில் ஒன்றைப் பிரதானமாக வைத்து, அதற்குத் துணையாக மூன்றாம் வகையிலிருந்து இரண்டொன்றை எடுத்துக்கொண்டால், திட்டத்தின் கடினமான பாகம் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

இந்த லட்சணங்கள் யாவும் பொருந்திய பிரதான பதார்த்தம் சந்தகை. எட்டுப் பேருக்கு ஒரு கிலோ புழுங்கலரிசி போதும். இட்லிக்கு வாங்குகிற அரிசியே இதற்கும் ஏற்றது. நாலு மணி நேரம் ஊறவைத்து, உப்புச் சேர்த்து, வெண்ணெய்போல நைஸாக அரைத்து, புளிக்க விடாமல் இட்லித் தட்டில் ஊற்றிப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிஷம் ஆவியில் வேகவைக்க வேண்டும். வெந்ததை எடுத்ததும் சூடு ஆறுவதற்குள் மூன்று கால் கொண்ட இரும்பு அச்சில் போட்டு, மேலே உள்ள இருபுறக் கைப்பிடியைச் சுற்றினால், தண்டு கீழிறங்கிக்கொண்டே மாவை நெருக்க, அடித்துளைகளின் வழியாக வெள்ளை நூல்கள் ஆவி பறக்க இறங்கி வரும். கீழே ஒருவர் வாழையிலை விரித்த தட்டை மெல்ல வட்டமாக நகர்த்திக்கொண்டே இருந்தால், அவை ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பூப்போலப் பரவும். மாவு ஆறிவிட்டால் கைப்பிடி நகராது, நூலும் அறுந்து விழும். ஆகவே ஒரு தட்டு வேகும்போது முன் தட்டைப் பிழிந்து முடித்துவிடுகிற கணக்கில் வேலை நடக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றுவதற்கு நல்ல பலம் தேவை. அந்த வேலையை வீட்டு ஆண்பிள்ளைகள் ஏற்றுக்கொள்வது நியாயம் மட்டுமன்று, அவசியமும் ஆகும். அக்ரகாரத்து முறையில், அரைத்த மாவை வாணலியில் கிளறி உருண்டை பிடித்து, கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்துச் சேவை நாழியில் பிழிவார்கள். அந்த நூல் இன்னும் சிறிது உறுதியாக இருக்கும். எம்முறையில் பிழிந்தாலும், மெல்லிய துணி ஒன்றை மேலே போட்டு மூடி வைத்துவிட்டால், இரண்டு மூன்று மணி நேரத்துக்குச் சந்தகை மிருதுவாகவே இருக்கும். அதைச் சுட வைக்க வேண்டிய தேவையும் இல்லை.

சந்தகையின் மற்றொரு பெருமை, ஒரே பதார்த்தம் காரமாக ஒரு தரமும் இனிப்பாக ஒரு தரமும் இலையில் வரலாம் என்பது. காரத்துக்குத் துணையாகப் பாலக்காட்டு மோர்க்குழம்பைவிடப் பொருத்தமானது வேறில்லை. முந்தின நாள் மாலையில் உறை ஊற்றிய, இலேசாகப் புளித்த தயிர் ஒரு லிட்டர். வெண்பூசணிக்காய் அரைக் கிலோ. அரை மூடித் தேங்காயோடு பச்சை மிளகாய், சீரகம், ஊறவைத்த பச்சரிசி ஒரு ஸ்பூன் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்த விழுது. இவை எட்டுப் பேருக்குத் தாராளமாகப் போதும். மஞ்சளும் உப்பும் சேர்த்து வேகவைத்த காயில் விழுதைக் கலந்து ஒரு கொதி வந்ததும், கடைந்த தயிரை ஊற்றித் தணலைக் குறைத்துவிட வேண்டும். பாத்திரத்தின் ஓரங்களில் சிறு நுரை கட்டி, அது நடுவை நோக்கி மெல்ல நகரத் தொடங்குகிறதே, அந்தக் கணத்தில் இறக்கினால்தான் குழம்பு பட்டுப்போல இருக்கும்; கொதிக்க விட்டால் தயிர் திரிந்து தண்ணீர் வேறு, திப்பி வேறாகிவிடும். தேங்காயெண்ணெயில் கடுகு, வெந்தயம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி மூடிவிட்டால், இலை போடுகிற வரையில் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

துணைப் பண்டங்களில் இரண்டு போதும். முதலாவது, இந்த மண்ணின் நிலக்கடலையை வறுத்து, வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, சிறு துண்டு புளி ஆகியவற்றோடு அரைத்த சட்னி. தேங்காய்ச் சட்னி வெயில் காலத்தில் சில மணி நேரத்திலேயே ஊசிப்போகக் கூடியதாகையால், காலையிலேயே அரைத்து வைக்க வேண்டிய விருந்துக்குக் கடலைச் சட்னியே நம்பத் தகுந்தது. இரண்டாவது, இரவு ஊறவைத்த தட்டைப்பயறு நானூறு கிராமை வேகவைத்துச் சின்ன வெங்காயம் தாளித்த சுண்டல். அரிசிப் பண்டத்தையே பிரதானமாகக் கொண்ட விருந்தில் பயறு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். சத்துக்கும் அது வேண்டும், மத்தியானம் பசி எடுக்காமல் தாங்குவதற்கும் அதுவே வேண்டும். வீட்டு ஊறுகாயும் பொரித்த வடகமும் சேர்ந்தால் இலை நிறைந்துவிடும்.

இனிப்புக்கென்று தனியாகப் பாயசம் காய்ச்ச வேண்டியதில்லை. இரண்டு பெரிய தேங்காயைத் துருவிப் பிழிந்த பாலில், முந்நூறு கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஆறவைத்த பாகைக் கலந்து, ஏலக்காயும் ஒரு சிட்டிகைச் சுக்கும் தூவி, சந்தகையின் மேல் ஊற்றிக்கொண்டால், அதுவே பெரியவர்களும் குழந்தைகளும் மறுமுறை கேட்டு வாங்கி உண்கிற இனிப்பு. பாகு ஆறிய பின்பே பாலில் சேர்க்க வேண்டும்; சூடாகச் சேர்த்தால் பால் திரிந்துவிடும். இடுக்கி ஜில்லாவின் மறையூரில் காய்ச்சுகிற உருண்டை வெல்லம் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. கிடைக்குமானால் அதை வாங்கிப் பயன்படுத்தினால் நிறமும் மணமும் தனியாகத் தெரியும். இதோடு ஆவியில் வெந்த நேந்திரம்பழம் ஆளுக்கு அரைப்பழம் போதுமானது. ஜனவரி தொடங்கிக் கோடை முடிகிற வரையில் முதலமடைத் தோட்டத்து மாம்பழம் சந்தைக்கு வருகிற பருவமாகையால், அந்த மாதங்களில் வெட்டி வைத்த மாம்பழமே இலைக்குப் போதிய அலங்காரம்.

குடிப்பதற்கு உள்ளவற்றையும் முன்கூட்டியே தீர்மானிப்பது நல்லது. வெயிலில் வந்து இறங்கியவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது இஞ்சியும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் நசுக்கிப் போட்ட நீர்மோர். மலையாளிகள் சம்பாரம் என்று அன்போடு வழங்குகிற அதைக் குடித்த பிறகு களைப்பு நீங்கிப் பசி தெளியும். வந்தவுடனே காபி கொடுப்பது பலருக்கும் பழக்கமானாலும், பத்தரை மணிக்குச் சாப்பிட இருப்பவர்களுக்குப் பத்து மணிக் காபி பசியைக் கெடுக்கும். ஆகவே காபியை இறுதிக்கென்று வைத்துக்கொள்வதே உசிதம். காபி குடிக்காத முதியவர்களுக்குக் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி இருக்கட்டும்.

மாமிசம் உண்கிறவர்கள் வீட்டில், கோழிக் குழம்பு இல்லாத விருந்து விருந்தாகாது என்று எண்ணுவோர் உண்டு. அவர்களுக்கும் சந்தகை உகந்ததே. மல்லி, மிளகு, வரமிளகாய், சின்ன வெங்காயம் வறுத்து அரைத்த நாட்டுக்கோழிக் குழம்பும் சந்தகையும் கொங்கு நாட்டில் புகழ்பெற்ற ஜோடி. எட்டுப் பேருக்கு ஒன்றரைக் கிலோ கறி எடுத்து, காலை எட்டரை மணிக்குள் குழம்பை இறக்கிவிட்டால், இரண்டு மணி நேரத்தில் மசாலா கறியில் நன்றாக ஊறிவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கோழி வைக்கிற நாளில் மற்றொரு மாமிசப் பதார்த்தம் எதையும் சேர்க்கக் கூடாது, சைவம் உண்பவர்களுக்கான மோர்க்குழம்பைத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு வைக்க வேண்டும்.

சந்தகை பிழிய ஆளில்லாத வீடுகளுக்கும் ஒரு மார்க்கம் இருக்கிறது. வடகரப்பதிக்கு மேற்கே எலப்புள்ளிப் பஞ்சாயத்தில் உள்ள ராமசேரி என்ற சிற்றூரில், தமிழ்நாட்டிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் குடியேறிய முதலியார் குடும்பத்தினர் சிலர் ஒரு விசேஷமான இட்லியைச் செய்து வருகிறார்கள். மண்பானையின் வாயில் நூல் வலை கட்டிய வளையத்தை வைத்து, அதன்மேல் ஈரத்துணி விரித்து, மாவை ஊற்றி விறகடுப்பின் ஆவியில் வேகவைக்கிற இந்த இட்லி, தோசையைப்போல வட்டமாகவும் தட்டையாகவும் இருக்கும். சாதாரண இட்லியைவிட நெடுநேரம் மிருதுவாகவே இருப்பது இதன் சிறப்பு. தேங்காயெண்ணெயில் குழைத்த பொடிதான் இதற்கு உரிய துணை. முதல் நாளே சொல்லி வைத்துக் காலையில் வாங்கி வந்துவிட்டால், வீட்டில் கடலைச் சட்னியும் பயறும் தேங்காய்ப்பாலும் செய்வதோடு வேலை முடிந்தது. நம் ஜில்லாவின் கைத்திறனை வெளியூர் உறவினருக்கு அறிமுகப்படுத்துகிற புண்ணியமும் இதில் உண்டு. கடையில் வாங்கியது என்று கூச வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

அளவுகளை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வானேன் என்று சிலர் கேட்கலாம். 1951-ஆம் ஆண்டில் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' என்ற புஸ்தகத்தை வெளியிட்டபோது அது தமிழ்நாடெங்கும் ஆதரவு பெற்றதற்கு, கைக்கணக்காக இருந்த நம் சமையலை அளவுக் கணக்கில் எழுதிக் காட்டியது முக்கியமான காரணம். கைப்பழக்கம் நாலு பேருக்குச் சமைக்கும்போது பிசகாது. பன்னிரண்டு பேர் வருகிறார்கள் என்றதும், குறைந்துவிடுமோ என்ற பயம் கையைத் தாராளமாக்கிவிடுகிறது. அந்தப் பயத்தின் விளைவு, விருந்து முடிந்த பின் யாரும் தொடாத பாத்திரங்கள். ஆளுக்கு நூற்றிருபத்தைந்து கிராம் அரிசி, ஐம்பது கிராம் பயறு, கால் தேங்காயின் பால் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டு, எதிர்பாராமல் வரக்கூடிய இரண்டு பேருக்கு மட்டும் கூட்டி வைத்துக்கொண்டால், குறைவும் நேராது, வீணும் ஆகாது.

அடுத்து நேரத் திட்டம். வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமை காலையோ வேலந்தாவளம் சந்தையிலோ கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியிலோ காய்கறி, தேங்காய், வாழையிலை வாங்கியாகிவிட வேண்டும். சனிக்கிழமை மாலையில் தயிருக்கு உறை ஊற்றி, வெல்லப் பாகைக் காய்ச்சி வடிகட்டி, கடலையை வறுத்துத் தோல் நீக்கி, வெங்காயத்தை உரித்து வைத்துக்கொள்ளலாம். படுக்கப் போகுமுன் அரிசியையும் பயறையும் ஊறப்போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மாவை அரைத்து, ஏழே காலுக்கு முதல் தட்டை அடுப்பில் ஏற்றினால், எட்டரை மணிக்குள் சந்தகை பிழிந்து முடிந்துவிடும். அதன் பின் அரை மணி நேரத்தில் சுண்டலும், ஒன்பதரைக்குள் மோர்க்குழம்பும் சட்னியும் தயார். சீக்கிரம் கெடக்கூடிய தேங்காய்ப்பாலைக் கடைசியாக, பத்து மணிக்குச் சற்று முன்பாகப் பிழிந்துகொள்ள வேண்டும். பத்து மணிக்கு அடுப்பை அணைத்து, முகம் கழுவி, வேறு புடவை உடுத்திக்கொண்டு, வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்க வீட்டு அம்மாளுக்கு அவகாசம் கிடைக்கிறது. இந்த அரை மணி நேர அவகாசம் கிடைக்காத திட்டம் எத்தனை பதார்த்தங்களைக் கொண்டதானாலும் குறையுள்ள திட்டமே.

அழைக்கும்போதே சில விவரங்களைக் கேட்டு வைத்துக்கொள்வது அநாகரிகம் ஆகாது. அக்கறையின் அடையாளமாகவே எவரும் அதைக் கொள்வார்கள். "மாமா, உங்களுக்குச் சர்க்கரை எப்படி இருக்குதுங்க? கேழ்வரகுச் சந்தகை கொஞ்சம் தனியாப் பிழிஞ்சு வெக்கட்டுங்களா?" என்று ஃபோனில் கேட்ட ஒரு வார்த்தையே பெரியவருக்குப் பாதி விருந்து. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சந்தகையைக் குறைத்துச் சுண்டலைக் கூட்டிப் பரிமாறலாம்; குழந்தைகளுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து, காரமில்லாமல் தாளித்த சந்தகை ஒரு தட்டு இருக்கட்டும். அமாவாசை, சஷ்டி, புரட்டாசிச் சனிக்கிழமை முதலிய விரத நாட்களைக் காலண்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலக்காட்டுச் சீமையில் நம்மோடு தலைமுறை தலைமுறையாகப் பழகி வருகிற ராவுத்தர் நண்பர்களை ரமலான் மாதத்தில் பகல் விருந்துக்கு அழைக்காமல் வேறு மாதத்துக்கு ஒத்திவைப்பதும் இந்த மரியாதையில் சேர்ந்ததே.

பரிமாறுகிற முறையிலும் ஒரு சிறிய மாறுதலை நான் வற்புறுத்துவேன். ஆண்கள் முதல் பந்தி, பெண்கள் கடைசிப் பந்தி என்ற ஏற்பாட்டினால், சமைத்தவர் ஆறிப்போனதைத் தனியாக உண்ண நேர்கிறது. இந்த விருந்தில் எதையும் சுடச்சுடக் கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லாததனால், பாத்திரங்கள் யாவற்றையும் கூடத்தின் நடுவில் வைத்து, எல்லோரும் ஒரே பந்தியாக அமர்ந்து, பக்கத்திலிருப்பவர் பக்கத்திலிருப்பவருக்குப் பரிமாறிக்கொள்ளலாம். "இன்னும் ஒரு கை வெச்சுக்குங்க அக்கா" என்று வீட்டு அம்மாளே தம் இலைக்கு முன் அமர்ந்தபடி உபசரிக்க முடியும். உடன் அமர்ந்து உண்கிறவருடைய உபசாரத்தில் உள்ள மனநிறைவு, நின்றுகொண்டே ஓடியாடிச் செய்கிற உபசாரத்தில் இல்லை.

கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வகைவகையாகச் சமைப்பது நியாயம்; அங்கே சமையற்காரர்கள் இருக்கிறார்கள், ஊர் கூடுகிறது. வீட்டுக்கு வருகிற எட்டுப் பத்து உறவினர்களுக்கோ பதார்த்தங்களின் தொகை ஒரு பொருட்டன்று. அவர்கள் நம்மைக் காண வருகிறார்கள். நாலு மணிக்கு எழுந்து பதினைந்து வகை செய்து களைத்துப் போகிற விருந்துகளினால்தான், "வீட்டுக்கு யாரையும் கூப்பிட முடியறதில்லைங்க" என்று பல குடும்பங்கள் அழைப்பதையே நிறுத்திவிட்டு, ஹோட்டலில் சந்தித்துப் பிரிகிற பழக்கத்துக்கு வந்துவிட்டன. எளிமையாகச் செய்தால் அடிக்கடி அழைக்கலாம். அடிக்கடி அழைத்தால்தான் எல்லைக்கு இருபுறமும் உள்ள உறவு தழைக்கும். ஆகையால் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது: வருகிற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள், வெகுநாட்களாகப் பார்க்காத ஒரு குடும்பத்தைப் பத்தரை மணிக்கு அழையுங்கள், ஒரு பிரதான பதார்த்தம், ஒரு குழம்பு, ஒரு பயறு, ஒரு சட்னி, ஓர் இனிப்பு என்று ஐந்தோடு நிறுத்திக்கொண்டு, அவர்களோடு நீங்களும் இலையில் உட்காருங்கள்.